தமீமின் உள்ளங்கால்

மீராசா மோதினாருக்கு வயது அறுபத்திரண்டு. பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்வார். ஊரில் எந்த ஆண் மவுத்தானாலும் மய்யித்தை, அதாவது இறந்த உடலைக் குளிப்பாட்டி, கஃபன் என்ற வெள்ளைத் துணி சுற்றி அனுப்பி வைப்பதும் அவர்தான். அவருடைய குரு ஜுனைது ஹஜ்ரத்துக்கு நாற்பத்தொரு வயதுதான். வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். தன்னைவிட இருபத்தொரு வயது சின்னவரிடம் போய்ச் சீடராகச் சேர்ந்தாரே என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும் என்று மோதினார் விட்டுவிட்டார்.

அன்று மாலை அஸர் தொழுகை முடிந்ததும் அவர் ஹஜ்ரத்தைத் தேடிப் போனார். கையில் நான்காக மடித்த ஒரு சம்மன் இருந்தது.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு மாஜிஸ்ட்ரேட் முன்னாடி வரச் சொல்லியிருக்கு ஹஜ்ரத். தமீம் விஷயமா."

தமீம் மோட்டார் பம்புக்குக் காயில் கட்டுகிறவன். இருபத்தாறு வயது. யாருடைய பம்போ காணாமல் போனதென்று செவ்வாய்க்கிழமை காலையில் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். நடந்துதான் போனான். வியாழக்கிழமை மய்யித்தாக ஆம்புலன்ஸில் திரும்பி வந்தான். நெஞ்சு வலியாம். போதாததற்குப் பாத்ரூமில் வழுக்கியும் விழுந்தானாம். நம் ஊர் ஸ்டேஷன் பாத்ரூம்களில்தான் எத்தனை வழுக்கல்! அங்கே உத்தியோகம் பார்க்கிறவர் ஒருவராவது வழுக்கி விழுந்ததாக இதுவரை நான் கேள்விப்பட்டதில்லை.

பம்பு மறுவாரம் கிடைத்தது. சொந்தக்காரரின் மச்சினன் தன் தோட்டத்துக்குத் தூக்கிப் போயிருந்தார்.

பிரேதப் பரிசோதனை அறிக்கையில் தலையில் ஒரு காயம், முழங்கையில் ஒரு சிராய்ப்பு என்று இருந்தது. கால்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறோம். இவர்கள் ஒரு மனிதனின் இரண்டு கால்களை ஒரு காகிதத்தில் மறைத்திருந்தார்கள். தமீமின் உம்மாவுக்காக வந்த வக்கீல் அதைக் கவனித்துவிட்டு, மய்யித்தைக் குளிப்பாட்டியவரையும் விசாரிக்க வேண்டும் என்று மனுப் போட்டார். அப்படித்தான் சம்மன் வந்தது.

"நீங்க என்ன பார்த்தீங்க?" என்று ஹஜ்ரத் கேட்டார்.

மோதினார் தரையைப் பார்த்தார்.

"தண்ணி ஊத்தினது தமீமோட மாமா. பாதியிலேயே அழுகை தாங்காம வெளிய போயிட்டாரு. கால் பக்கம் நான் மட்டும்தான் கழுவினேன்."

"அதைத்தான் கேக்கிறேன்."

"சொல்லக் கூடாதே ஹஜ்ரத். மய்யித்து உடம்புல எந்தக் குறையைப் பார்த்தாலும் குளிப்பாட்டுறவன் மூடி வைக்கணும். முப்பத்தெட்டு வருஷமா அப்படித்தான் இருக்கேன். என் பொண்டாட்டிகிட்டகூட யாரைப் பத்தியும் வாயைத் திறந்ததில்ல. இப்பக் கோர்ட்டுல போய்த் திறந்தா, என்னை நம்பி ஒப்படைச்சு இத்தனை வருஷம் காப்பாத்தின அமானிதம் என்ன ஆகும்?"

உண்மையாகவே வேதனைப்பட்டுத்தான் கேட்டார். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

"இதை உங்களுக்கு இப்ப யார் ஞாபகப்படுத்தினது?"

மோதினார் தயங்கினார்.

"இன்ஸ்பெக்டர். நேத்துப் பள்ளிவாசலுக்கே வந்தாரு. செருப்பை வாசல்லயே கழட்டிட்டு மரியாதையாத்தான் வந்தாரு. 'பாய், மய்யித்து ரகசியத்தை வெளிய சொல்றது உங்க மார்க்கத்துல பாவம்தானே'ன்னாரு."

"அவர் எந்த மதரசாவுல ஓதினாராம்?"

மோதினார் சம்மனை இன்னொரு மடிப்பு மடித்தார்.

"பயமா இருக்கா?"

"இருக்கு ஹஜ்ரத். என் மகன் ஆட்டோ ஓட்டுறான். நாளைக்கு அவன் வண்டியில எதையாவது வச்சுப் பிடிச்சா நான் யார்கிட்டப் போவேன்?"

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. பயமா இருக்குன்னா பயம்னு சொல்லுங்க. மார்க்கத்து மேல பழியைப் போடாதீங்க."

இதைச் சொல்லிவிட்டு ஹஜ்ரத் எழுந்தார். பள்ளிவாசலுக்குப் பின்னால் தகரக் கொட்டகை இருக்கிறது. குளிப்பாட்டும் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்திருப்பது அங்கேதான். அவரே அதை இழுத்துக் கட்டைகளின் மேல் போட்டார். சட்டையைக் கழற்றினார். கைலி மட்டும் இடுப்பில் இருக்க, பலகையில் மல்லாந்து படுத்தார்.

மோதினார் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"எந்திரிங்க ஹஜ்ரத்! உசுரோட இருக்கவங்க படுக்கிற இடமா இது?"

"இதுல அடுத்துப் படுக்கப் போற புள்ளையும் இப்ப உசுரோடதான் இருக்கு. தண்ணியை ஊத்துங்க."

மோதினார் வாளியைத் தூக்கினார். கை தானாகவே வேலையைச் செய்தது. வலப்பக்கம் முதலில், பிறகு இடப்பக்கம். இடது மார்பில் கை வந்ததும் நின்றது. அங்கே மங்கிப் போன பச்சை குத்தியிருந்தது. ஒரு பெண்ணின் பெயர். ஹஜ்ரத்தின் மனைவி பெயர் அதுவல்ல.

மோதினார் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"என்ன பார்த்தீங்க?"

"ஒண்ணும் பார்க்கல ஹஜ்ரத்."

"நல்லது. அது பத்தொன்பது வயசுல நான் செஞ்ச தப்பு. நான் மவுத்தானாலும் இப்படியே சொல்லுங்க."

தண்ணீர் காலுக்கு வந்தது. வலது முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு. எலும்பு கூடிய இடம் கோணலாகப் புடைத்திருந்தது.

"இங்க என்ன பார்த்தீங்க?"

"இங்கயும் ஒண்ணும் பார்க்கல."

ஹஜ்ரத் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார். தண்ணீர் தெறித்து மோதினாரின் வேட்டி நனைந்தது. எட்டு வருடப் பழக்கத்தில் அந்த முகத்தில் இப்படி ஒரு கோபத்தை மோதினார் பார்த்ததில்லை.

"ஏன் பார்க்கல?"

"குறையை மூடணும்னு..."

"யார் குறையை? நான் ரோட்டோரமா சைக்கிள்ல போயிட்டிருந்தேன். லாரிக்காரன் ஏத்திட்டு நிக்காமப் போனான். இது என் குறையா?"

"இல்ல ஹஜ்ரத். லாரிக்காரனோடது."

"தமீமோட கால்ல என்ன இருந்துச்சு?"

மோதினார் வாளியைக் கீழே வைத்தார். அப்போதுதான் முதல் முறையாக அது அவர் வாயிலிருந்து வந்தது.

"ரெண்டு உள்ளங்காலும் கருத்துப் போயிருந்துச்சு. வீங்கி, தோல் வெடிச்சிருந்துச்சு. விரலிடுக்குல கழுவணும்ல, விரலை விரிச்சேன். வலது கால்ல மூணு நகம் இல்ல." அவர் தன் கைவிரல்களைப் பார்த்தார். "வழுக்கி விழுந்தவனுக்கு உள்ளங்கால் எப்படி ஹஜ்ரத் வெடிக்கும்?"

"என்கிட்டக் கேக்காதீங்க."

"சொன்னா கபரைத் தோண்டிப் பார்ப்பாங்க. ஒரு தடவை அடக்கின புள்ளையை..."

"தோண்டட்டும். மண்ணு அவனை ஒண்ணும் பண்ணல."

வெளியே குழாயில் யாரோ தொழுகைக்காகக் கை கால் கழுவி ஒளுச் செய்துவிட்டுப் போகும் சத்தம் கேட்டது. அது அடங்கியதும் ஹஜ்ரத் குரலைத் தாழ்த்தினார்.

"சொல்லுங்க மோதினாரே. அந்த உள்ளங்கால்ல நீங்க பார்த்தது தமீமோட குறையா?"

"இல்ல."

"யாரோடது?"

"அடிச்சவங்களோடது."

"அவங்க மவுத்தாயிட்டாங்களா?"

"இல்ல ஹஜ்ரத். நேத்து இன்ஸ்பெக்டர்கூட ஜீப்புல வந்திருந்தாங்க. எதிர்க்கடையில டீ குடிச்சிட்டுத்தான் போனாங்க."

"பின்ன உசுரோட இருக்கவனுக்கு எதுக்குக் கஃபன் சுத்துறீங்க?"

ஹஜ்ரத் பலகையை விட்டு இறங்கினார். மோதினார் அதை வழக்கம்போல மூன்று தடவை கழுவி, துடைத்து, சுவரில் சாய்த்து வைத்தார். தோள் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.

"விசாரணை நாளைக்குத்தானே? இப்ப எங்க கிளம்பிட்டீங்க?" என்று ஹஜ்ரத் கேட்டார்.

"தமீம் வீட்டுக்கு ஹஜ்ரத். கஃபன் கட்டுறதுக்கு முன்னாடி அவன் உம்மா முகம் பார்க்க வந்தாங்க. 'என் புள்ளைக்கு ரொம்ப வலிச்சிருக்குமா மோதினாரே'ன்னு கேட்டாங்க. தூங்குற மாதிரிதாம்மா இருக்கான்னு சொல்லிட்டேன்."

மோதினார் வாசலில் திரும்பி நின்றார்.

"மாஜிஸ்ட்ரேட் நாளைக்குத்தான் கேப்பாரு. அந்த உம்மா அன்னைக்கே கேட்டுட்டாங்க."