உத்தண்டராயரின் குறையில்லாத பூதம்

வேங்கைநாட்டில் மழைக்காலம் வந்தால் அரசவைக்கு வேலை இருக்காது. படையெடுக்க முடியாது, வேட்டைக்கும் போக முடியாது. ஆகவே வீரகேசரி மன்னரின் அமைச்சர்களும் தளபதிகளும் பேய்களாக மாறிவிடுவார்கள். அந்த ஆட்டத்துக்கு உருவாட்டம் என்று பெயர்.

ஒவ்வொருவரும் ஒரு பூதமாகவோ யட்சனாகவோ முனியாகவோ ஆகி, முறை வைத்து ஒரே கதையை வளர்க்க வேண்டும். கதையில் தோற்ற உருவம் விலகும், கடைசியில் மிஞ்சுவது வெல்லும். ஒரு சக்தி கேட்டால் ஒரு குறையும் சொல்லியாக வேண்டும். பறக்கும் யட்சனுக்கு மழையில் சிறகு கனக்கும். மலையைத் தூக்கும் முனிக்கு எலியைக் கண்டால் நடுக்கம். சொன்னதை ஓலைநாயகம் எழுதுவார், மன்னர் முத்திரை வைப்பார். முத்திரை விழுந்தபின் ஓர் எழுத்தும் மாற்ற முடியாது.

குறை சொல்லும் விதி மன்னரின் மைத்துனர் உத்தண்டராயருக்கு மட்டும் பிடிக்கவில்லை.

"என் பூதத்துக்குப் பசி கிடையாது. தூக்கம் கிடையாது. களைப்பு கிடையாது. எந்த ஆயுதமும் துளைக்காது. ஆயிரம் பேரைத் தனியாக அடிக்கும். எழுதும்!"

"குறை?" என்று கேட்டார் அவைப்புலவர் கூத்தபிரான்.

"என் பூதத்துக்கா? குறையா?" உத்தண்டராயர் மன்னரைப் பார்த்தார். "அத்தான், அக்காவிடம் சொல்லட்டுமா?"

மன்னர் அவசரமாக முத்திரையை அழுத்தினார்.

அதோடு கதை செத்தது. யட்சன் பறந்தால் பூதம் காலைப் பிடித்து இழுத்தது. முனி மலையைத் தூக்கினால் பூதம் அந்த மலைமேல் உட்கார்ந்துகொண்டது. அடித்துவிட்டு அவையைச் சுற்றிப் பார்க்கும். எல்லோரும் கைதட்ட வேண்டும். தட்டினார்கள்.

வெறும் ஆட்டமாக இருந்திருந்தால் கூத்தபிரான் தூங்கியிருப்பார். ஆனால் அந்த ஆண்டு மன்னர் உற்சாகத்தில் ஒரு வார்த்தை விட்டிருந்தார்: "வெல்லும் உருவத்துக்குக் காரிமலைக் கோட்டை!" காரிமலை எல்லைக் கோட்டை. கூத்தபிரானின் பெண்டு பிள்ளைகள் அதன் அடிவாரத்து ஊரில் இருந்தார்கள். உத்தண்டராயரின் நிர்வாகத்தை நாடு ஏற்கெனவே பார்த்திருந்தது. போன ஆண்டு குதிரை லாயத்தைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு மாமனார் வீட்டு விருந்துக்குப் போனார். பசித்த குதிரைகள் சுவரை உடைத்து எதிரி நாட்டுக்கு ஓடின. அங்கே புல் போட்டார்கள். திரும்பவில்லை.

கடைசி நாள் வந்தது. மிஞ்சியவை இரண்டு உருவங்கள். ஒன்று பூதம். மற்றது கூத்தபிரானின் பேய். சாவித் துவாரத்தில் நுழையும், ஆனால் நொண்டி.

"புலவரே, உம் நொண்டி என்ன செய்யப் போகிறது?" என்றார் உத்தண்டராயர்.

"தோல்வியை ஒப்புக்கொள்ளப் போகிறது."

மன்னரின் முகம் வாடியது. "வேறு வழியே இல்லையா, கூத்தபிரானே?"

"இல்லை, மகாராஜா. அதற்குமுன் நியமன ஓலையை எழுதிவிடுவோம். நான் சொல்கிறேன்."

ஓலைநாயகம் எழுத்தாணியை எடுத்தார்.

"காரிமலைக் கோட்டைக்கு அதிபதி, உத்தண்டராயரின் பூதம். பூதத்துக்குப் பசி இல்லை. ஆகவே கோட்டைச் சமையலறை மூடப்படும்."

உத்தண்டராயரின் மீசை லேசாக இறங்கியது.

"தூக்கம் இல்லை. ஆகவே கட்டில் வேண்டாம். களைப்பு இல்லை. ஆகவே பல்லக்கு வேண்டாம், மலைக்கு நடந்தே போகும். ஆயுதம் துளைக்காது. ஆகவே கவசம் வேண்டாம். ஆயிரம் பேரைத் தனியாக அடிக்கும். ஆகவே கோட்டையில் உள்ள முந்நூறு வீரர்களும் வீட்டுக்குப் போகலாம்."

"நிறுத்துமய்யா!" உத்தண்டராயர் எழுந்துவிட்டார். "அதெல்லாம் பூதத்துக்கு! போகப்போவது நான்!"

மன்னர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு இப்போதுதான் விளங்கியது. "கோட்டை உருவத்துக்கு என்றுதானே சொன்னேன், மைத்துனரே? பூதமாகவே போய்வாரும். நாளைக்கே."

"பூதத்துக்கு லேசாகப் பசிக்கும்! எழுதும்!"

"முத்திரை விழுந்துவிட்டதே," என்றார் கூத்தபிரான் வருத்தத்தோடு.

"இரண்டு வேளை மட்டும்! மூட்டுவலி உண்டு. வாயுத்தொல்லை உண்டு. மெத்தை இல்லாவிட்டால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். இருட்டென்றால் பயம். வாளைக் கண்டால் மயக்கம் வரும்!"

இருபது நாள் கைதட்டிய அவை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. ஓலைநாயகம் பழக்கதோஷத்தில் வேறோர் ஓலையில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே போனார்.

"ராயரே, முத்திரைக்குப் பின் குறை சேர்க்க முடியாது," என்றார் கூத்தபிரான். "தோற்றேன் என்று மட்டும் எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம்."

"தோற்றேன்! தோற்றேன்!"

"அப்படியானால் கோட்டை உம் பேய்க்குத்தான்," என்றார் மன்னர்.

"அது நொண்டி, மகாராஜா. மலை ஏறாது. இப்போதுள்ள தலைவரே அங்கே இருக்கட்டும்."

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் தோளில் இருந்த பட்டுச் சால்வையைப் புலவருக்குப் போர்த்தினார். பிறகு ஓலைநாயகத்திடமிருந்து அந்த இரண்டாவது ஓலையை வாங்கினார். மூட்டுவலி முதல் வாள்மயக்கம் வரை நிதானமாகப் படித்தார். அதைச் சுருட்டியபடி கேட்டார்:

"மைத்துனரே, அக்காவிடம் சொல்லட்டுமா?"