பந்து பொறுக்கிய நாற்காலி

ஆட்களே வராமல் போன ஒரு மைதானம் இருந்தது. அதற்காக ஆட்டம் நின்றுவிடவில்லை. பந்துகள் தாமாகவே உருண்டு போய்க் கோல் வலைக்குள் விழுந்தன. எந்தக் கழகத்தின் பந்து அதிகத் தடவை விழுந்ததோ அந்தக் கழகத்துக்கு வெற்றி.

ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் புதுப் பந்துகள் மூட்டையில் வந்து இறங்கும். கழகங்கள் முறை வைத்து அவற்றைப் பொறுக்கி எடுத்துக்கொள்ளும். போன பருவத்தில் கடைசியாக வந்த கழகத்துக்குப் பாவம் பார்த்து முதல் உரிமை கொடுப்பார்கள். செம்மண் கழகத்துக்கு வருடா வருடம் முதல் உரிமைதான். அந்தக் கழகத்துக்குப் பந்து பொறுக்கிய நாற்காலி இதைக்கூடப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்.

“முதல் ஆளா எடுக்கிற யோகம் எல்லாருக்கும் வாய்க்குமா?”

அது சுழல் நாற்காலி. யாராவது கேள்வி கேட்டால் முதுகைத் திருப்பிக்கொள்ள வசதியாக இருந்தது.

அந்த வருடம் அது முதலில் எடுத்தது மினுக்கன் என்ற பந்தை. கழக அறையின் சிமெண்டுத் தரையில் ஒரு தட்டு தட்டியதும் மினுக்கன் உத்தரம்வரை எகிறியது. நாற்காலிக்குத் தலைகால் புரியவில்லை. ஆட்டம் என்னவோ புழுதியில்தான். அதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

கடைசிச் சுற்றில் மூட்டையில் ஒரே ஒரு பந்து மிஞ்சியது. சொரசொரத்த தோல், பெயர் கரடு. வேறு எதுவும் இல்லாததால் நாற்காலி அதையும் எடுத்து வலைப்பையில் போட்டது.

முதல் ஆட்டம் பாதி முடிவதற்குள் மினுக்கனுக்குக் காற்று இறங்கிவிட்டது.

“ஐயா, வால்வு சரியில்லைங்க. பையில கரடு சும்மாதானே கிடக்கு?” என்றது பம்பு.

“முதல்ல எடுத்ததை வெளிய உட்கார வச்சா என் மானம் என்னாகும்? நீ காத்தை அடி!”

பம்பு அடித்தது. ஒவ்வொரு ஆட்டத்திலும் அடித்தது. செம்மண் கழகம் வழக்கம்போல் கடைசியாக வந்தது.

கழகத்தின் முதலாளியான இரும்புப் பீரோவுக்கு ஒருவழியாகக் கோபம் வந்தது. நாற்காலிக்குப் பந்து பொறுக்கத் தெரியுமா என்று விசாரித்துச் சொல்லும்படி விசிலை ஏவியது. தெரியாது என்றால் நாற்காலி பரணுக்குப் போகவேண்டும். எந்தப் பந்தை உதவாதது என்று விசில் சொல்கிறதோ அதைக் கத்தரிக்கோலிடம் கொடுத்துவிடுவார்கள். வலைப்பைக்குள்ளிருந்து கரடு இதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

விசில் விசாரணையைத் தொடங்கியது.

“மினுக்கன் எத்தனை ஆட்டம் ஆடுச்சு?”

“எல்லா ஆட்டமும்” என்றது நாற்காலி.

“கரடு?”

“ஒண்ணுகூட இல்ல.”

“அடேயப்பா! முதல்ல எடுத்தது முதல் தரம், கடைசியா எடுத்தது கடைசித் தரம். அளந்து வச்ச மாதிரி இருக்கே! ஐயாவுக்கு என்ன கண்ணு, என்ன கண்ணு!”

“என்னை இறக்கவே இல்லையேங்க” என்றது கரடு. “ஒரே ஒரு ஆட்டம் விட்டுப் பாருங்க.”

“ஆடாத பந்து பேசக் கூடாது.”

“ஆட விடாத பந்துங்க!”

விசில் தன்னைத்தானே ஓங்கி ஊதிக்கொண்டது. கரடு சொன்னது யார் காதிலும் விழவில்லை.

நாற்காலிக்குப் புது மெத்தை போட்டார்கள். கரடை வெட்டி மினுக்கனுக்கு ஒட்டுப்போடுவது என்று முடிவாயிற்று.

அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்தன்று காலையில் கத்தரிக்கோல் வந்தது. வெளிச்சம் போதவில்லை என்று அறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கரடைப் பையிலிருந்து வெளியே எடுத்தது. கரடு ஒரே ஓட்டமாக உருண்டு, வேலியிடுக்கில் புகுந்து, பக்கத்துக் கழகத்தின் முற்றத்தில் போய் நின்றது.

அங்கே பந்து பொறுக்குவது ஒரு முக்காலி. அதனிடம் மிஞ்சியிருந்த ஒரே நல்ல பந்தும் அன்று காலையில்தான் முள் குத்தி வெடித்திருந்தது.

“ஏதோ ஒண்ணு, போய் ஆடு” என்றது முக்காலி. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மினுக்கன் வழுக்கிய புழுதியில் கரடின் சொரசொரத்த தோல் கெட்டியாகப் பிடித்து ஓடியது. எதிரே வந்த பந்துகளையெல்லாம் ஏமாற்றிவிட்டு வலைக்குள் விழுந்தது. மறுபடி விழுந்தது. ஆட விட்டார்களே என்ற சந்தோஷம் அதற்குத் தாங்கவில்லை. பருவ முடிவில் கோப்பை முக்காலியின் கழகத்துக்குப் போயிற்று.

பாராட்டு விழாவில் முக்காலி தொண்டையைச் செருமிக்கொண்டது.

“கரடைப் பார்த்த உடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அதுக்கெல்லாம் ஒரு கண்ணு வேணும்.”

“கண்ணா?” என்று சுழன்று திரும்பியது விழாவுக்கு வந்திருந்த நாற்காலி. “மூட்டையிலிருந்து அதை எடுத்ததே நான்தான். யார் கண்ணும் பட்டுடக் கூடாதுன்னுதான் கடைசிவரைக்கும் விட்டு வச்சேன். பையிலயும் பத்திரமா வச்சிருந்தேன்!”

இரண்டும் மல்லுக்கு நின்றன. விசில் நடுவில் புகுந்து, இரண்டு பேருக்கும் கண் உண்டு என்று தீர்ப்பளித்தது. அப்படியும் சண்டை ஓயாததால் அது கரடின் பக்கம் திரும்பியது.

“நீயே சொல்லுப்பா. உன்னைக் கண்டுபிடிச்சது யாரு?”

கரடு இரண்டையும் ஒரு பார்வை பார்த்தது.

“ரெண்டு பேரும் இல்லைங்க. கதவு திறந்து கிடந்துச்சு.”