பதினெட்டுத் துண்டுகளில் ஆறு

2017 ஜூன் 4, ஞாயிறு, காலை ஒன்பதே கால். ஆறு ஆறாக மூன்று பொட்டலங்கள், மொத்தம் பதினெட்டு உலோகத் துண்டுகள். அவற்றைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்தவர் போத்தனூர் இருதயராஜ், மெல்லிசைக் குழு ஒன்றின் கிடார் கலைஞர்.

எலெக்ட்ரிக் கிடாரின் அடிப்பகுதியில் ஒவ்வொரு கம்பியையும் ஒரு சின்ன உலோகத் துண்டு தாங்கிப் பிடிக்கும். அதன் பெயர் சேடில். கம்பி உட்கார அதன் தலையில் ஒரு பள்ளம் இருக்கும். கடந்த நான்கு கல்யாண வரவேற்புகளில் இருதயராஜின் கம்பி பாட்டின் நடுவே அறுந்தது. நான்கு முறையும் அறுந்தது அந்தப் பள்ளத்தில்தான்.

குழுவை நடத்தும் மோகனா அன்று காலையில் போனில் சொன்னார்: "சாயந்தரம் ஆறரைக்கு மேடை. இன்னிக்கும் அறுந்துச்சுன்னா கிடாரை உறையில போட்டுட்டு வீட்டுலயே இருந்துக்குங்க ராஜு. கீபோர்டுல கிடார் சத்தமும் வருது. அதுல அறுந்து போறதுக்குக் கம்பியே இல்ல."

பழைய சேடில்களைத் தூக்கிப் போடுவது என்று முடிவாயிற்று. மூன்று பொட்டலத்தில் எது நல்லது என்பதுதான் தெரியவில்லை.

முதலில் பார்த்தவர் மாடியில் குடியிருக்கும் கதிர்வேல். பம்ப் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். வெர்னியர் அளவுகோலோடு இறங்கி வந்தார். தொழிற்சாலையில் ஒரு தட்டுக்கு இரண்டு எடுப்பதுபோல, ஒவ்வொரு பொட்டலத்திலிருந்தும் கைக்கு வந்த இரண்டை எடுத்து நீளம், உயரம், திருகுத் துளை மூன்றையும் அளந்தார். பித்தளையில் செய்த முதல் பொட்டலம் இம்மி பிசகவில்லை.

"இதைக் கண்ணை மூடிட்டு மாட்டுங்கண்ணா. அந்த மூணாவது இருக்குது பாருங்க, மங்கலா, காத்துல பறக்கற மாதிரி லேசா. பொம்மைக் காருக்குச் சக்கரம் பண்ற உலோகம் அது."

இருதயராஜ் அளவை நம்பவில்லை, தன் காதை நம்பினார். முதல் பொட்டலத்தை மாட்டி வாசித்தார். பிறகு மூன்றாவதை. கழற்றி மாட்டியதில் ஒரு மாதப் பழைய கம்பிகள் நெளிந்துவிட்டன. உறை பிரித்துப் புதுக் கம்பிகளைப் போட்டு, கடைசியாக இரண்டாவது பொட்டலத்தை மாட்டினார். நாதம் வீடு முழுக்கக் கணீரென்று கேட்டது.

"முடிஞ்சுது. ரெண்டாவதுதான்" என்றார்.

"சத்தம் நல்லாருந்தா அறாதுன்னு யாரு சொன்னா?" என்று கேட்டார் மனைவி பிலோமினா. அவருக்கு ஜாக்கெட்டுகளில் ஆரி வேலை செய்வது தொழில். கிடாரில் மாட்டியிருந்த ஆறையும் கழற்றச் சொல்லி, பதினெட்டையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஊசி நூலை வெச்சுக்கிட்டு நீ என்ன பண்ணப் போற?"

"நீங்க போய்க் குளிங்க. மூணு மணிக்குள்ள சொல்றேன்."

மெல்லிய பட்டு நூலை எடுத்து ஒவ்வொரு பள்ளத்திலும் அழுத்தி இப்படியும் அப்படியும் இழுத்தார். முதல் பொட்டலத்தில் ஐந்தாவது துண்டு நூலைப் பிடித்துப் பிய்த்தது. இரண்டாவதில் இரண்டு துண்டுகள் பிய்த்தன. மூன்றாவதில் ஆறிலும் நூல் வழுக்கிக்கொண்டு போனது.

"நூலு ரெண்டு இழுப்புக்கே பிஞ்சுதுன்னா, மணிக்கணக்கா உரசற கம்பி என்னாகும்? மூணாவதை மாட்டுங்க" என்றார்.

"பொம்மைக் கார் சக்கரம்ங்கக்கா அது!" என்றார் கதிர்வேல்.

"கார் எப்படியோ போகட்டும் தம்பி. சாயந்தரம் மேடையில நிக்கப் போறது இவரு."

மணி மூன்று. ஒருவர் அளந்தார், ஒருவர் கேட்டார், ஒருவர் நூல் இழுத்தார். மூவரும் மூன்று பொட்டலங்களைச் சொல்கிறார்கள். ஆறரைக்கு மேடையேறுகிறவர் எதை மாட்ட வேண்டும்? தரத்தைச் சரியாகப் பார்த்தவர் யார்?

விடை: பிலோமினா. மாட்ட வேண்டியது மூன்றாவது பொட்டலம். நான்கு முறையும் கம்பி அறுந்தது பள்ளத்தில். அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தவர் அவர் ஒருவரே, அதுவும் பதினெட்டையும் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத பிசிறு கம்பியை அரித்து அறுத்துவிடும். கதிர்வேலின் அளவில் பிழையில்லை. ஆனால் தட்டுக்கு இரண்டு என்பது ஆயிரக்கணக்கில் செய்யும் இடத்து வழக்கம். கிடாரில் ஆறு துண்டுகளும் வேலை செய்யும், கெட்டது ஒன்று இருந்தாலே போதும். இருதயராஜ் கேட்டதில் பாதிக்கு மேல் புதுக் கம்பியின் நாதம். அதைச் சேடிலின் கணக்கில் சேர்த்துவிட்டார். இருந்தாலும் கதிர்வேலின் கேலியில் ஒரு உண்மை உண்டு. மென்மையான உலோகம் சீக்கிரம் தேயும் என்பதால் மாதம் ஒருமுறை நூல் இழுத்துப் பார்க்க வேண்டும்.

2018 ஆகஸ்ட் 19, ஞாயிற்றுக்கிழமை, சூலூரில் ஒரு கல்யாண வரவேற்பில், மூன்றாவது பொட்டலத்தை மாட்டிய கிடாரோடு, இருதயராஜ் அதே குழுவில் தன் நூறாவது மேடையை முடித்தார்.