ஊர் நடுவில் நின்ற தாய்

இஞ்ஞாசி மச்சாது முப்பத்தொரு வருஷம் சரக்குக் கப்பலில் என்ஜின் பார்த்தவர். உலகத்தின் பெரிய மியூசியங்கள் இருக்கிற ஊர்களிலெல்லாம் அவர் கப்பல் நின்றிருக்கிறது. ஒன்றுக்குள்ளும் அவர் காலெடுத்து வைத்ததில்லை. கப்பல் நிற்கும்போதுதானே என்ஜினுக்கு வைத்தியம் பார்க்க முடியும்.

ஓய்வு பெற்றுத் தூத்துக்குடிக்குத் திரும்பியதும், விட்டதையெல்லாம் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தார். அறுபது வயதில் கலை வரலாறு முதுகலை வகுப்பில் சேர்ந்தார். கூடப் படித்த பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. எகிப்து, கிரேக்கம், சீனா, மெக்சிகோ என்று ஒரு நாட்டையும் விடாமல் மனப்பாடம் செய்தார். எந்தப் படத்தைக் காட்டினாலும் காலம், இடம், கல்லா மரமா என்பது வரை ஒப்பிப்பார்.

அவருடைய ஆசிரியை பிரம்மசக்திக்கு முப்பத்தெட்டு வயது. அதிகம் பேசமாட்டார். இஞ்ஞாசியிடம் மாட்டிக்கொண்டவர்களுக்கு அதற்கு வாய்ப்பும் கிடையாது.

இஞ்ஞாசியின் ஆய்வேடு ஆதிகாலத்துத் தாய் உருவங்களைப் பற்றியது. இருநூற்றுப் பதினான்கு பக்கம். பருத்த வயிறும் கனத்த மார்புமாக ஒரு தாயைச் செய்து, ஊர் நடுவில் நிறுத்தி, வருகிறவர் போகிறவரெல்லாம் அண்ணாந்து பார்க்கும்படி வைத்தார்கள் என்பது அவர் கட்சி. உலகம் பூராவும் இப்படித்தான் என்று நாற்பது படங்களோடு எழுதியிருந்தார்.

வேறு தலைப்புகளில் எழுதிய ஆய்வேடு ஏற்கெனவே இரண்டு முறை திரும்பி வந்திருந்தது. படிப்பும் இரண்டு வருஷம் என்பது நாலு வருஷமாகிவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமைக்குள் ஆசிரியை கையெழுத்தோடு கொடுக்காவிட்டால் அவர் பெயரையே எடுத்துவிடுவார்கள். திரும்பவும் முதல் வருஷத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை பிரம்மசக்தி ஆய்வேட்டைப் படித்தார். மூன்றாம் பக்கத்திலேயே நின்றார். அங்கே ஆஸ்திரியாவில் ஓர் ஆற்றங்கரை ஊரில் கிடைத்த சுண்ணாம்புக்கல் பெண்ணின் படம் இருந்தது. இருபத்தையாயிரம் வருஷத்துக்கும் முந்தியவள்.

"அண்ணாச்சி, இது எவ்வளவு உயரம்?"

"ஆள் உயரத்துக்கு மேல இருக்கும் டீச்சர். பாத்தாலே தெரியுதுல்லா."

"எதை வச்சுச் சொல்லுதீங்க?"

அவர் பையிலிருந்து தடிமனான ஆர்ட் புத்தகத்தை எடுத்து விரித்தார். இடது பக்கம் நிறைய அந்தப் பெண். வலது பக்கம் நிறைய எகிப்தில் மலையைக் குடைந்து செய்த ராஜா. இரண்டு பேரும் தோளுக்குத் தோள் சரியாக இருந்தார்கள்.

பிரம்மசக்தி அதைப் பார்த்துவிட்டு மூடினார். அந்தப் பெண்ணைக் களிமண்ணில் நிஜ அளவுக்குச் செய்து வியாழக்கிழமை கொண்டுவரச் சொன்னார். அளவு எங்கே இருக்கிறது என்று இஞ்ஞாசி கேட்டதற்கு, படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் என்றார்.

இஞ்ஞாசிக்குக் கோபம் வந்தது. இருப்பதே இரண்டு நாள், இதில் மண்ணைப் பிசையச் சொல்கிறார். ஆனாலும் வீட்டுக்குப் போனதும் பூதக்கண்ணாடியை எடுத்துப் பொடி எழுத்தைப் படித்தார். பதினொரு சென்டிமீட்டர் என்று போட்டிருந்தது.

அச்சுப்பிழை என்று நினைத்தார். வேறு மூன்று புத்தகங்களைப் புரட்டினார். மூன்றிலும் அதேதான். பிறகு தன்னுடைய நாற்பது படங்களையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தார். ஒருத்தி ஆறு சென்டிமீட்டர், ஒருத்தி ஒன்பது. நாற்பதில் முப்பத்தொரு பேரைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு போய்விடலாம். பரீட்சையில் காலம் கேட்பார்கள், இடம் கேட்பார்கள். அளவை யாரும் கேட்டதில்லை என்பதால் நாலு வருஷமாக அவர் அந்த வரியைத் தாண்டித் தாண்டியே படித்திருந்தார். அப்படியே எழுந்து போய்க் களிமண் வாங்கிவந்தார்.

வியாழக்கிழமை காலையில் ஆய்வேட்டை ஆசிரியையின் மேசையில் வைத்தார். அதன்மேல் செய்தித்தாளில் சுற்றியிருந்த பொம்மையை வைத்தார்.

"ஏமாந்துட்டேன் டீச்சர்."

பிரம்மசக்தி பேனாவைத் திறந்தார். "நாளைக்கு வெள்ளி. வேணும்னா கையெழுத்துப் போட்டுத் தாரேன். மார்க் போடுதவரும் படத்தைத்தான் பார்ப்பாரு. அளவு கேட்கமாட்டாரு."

நிஜமாகச் சொல்கிறாரா, ஆழம் பார்க்கிறாரா என்று அவர் முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. இஞ்ஞாசி ஆய்வேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் பக்கத்தில் அவர் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அதைப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. பிறகு அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம் டீச்சர். திருப்பி எழுதுதேன்."

"முதல் வருஷத்துல இருந்து சேரணும் அண்ணாச்சி."

"சேருதேன்."

"முடிக்கையில அறுபத்தாறு ஆயிரும்."

"படிக்காம இருந்தாலும் ஆகத்தானே செய்யும்."

இஞ்ஞாசி பொம்மையைச் சுற்றியிருந்த தாளைப் பிரித்தார். புதிதாக எழுதுவதென்றால் ஒன்று தெரிந்தாக வேண்டும் என்றார். ஊர் நடுவில் இல்லாவிட்டால் போகட்டும், ஒரு கல்லின் மேலாவது, குகையில் ஒரு பொந்திலாவது இவளை நிறுத்தி வைத்திருப்பார்கள் அல்லவா என்று கேட்டார்.

"நிறுத்துங்க, பார்ப்போம்."

மேசையில் நிறுத்தினார். விழுந்தாள். திருப்பி நிறுத்தினார். மறுபடியும் விழுந்தாள். பெரிய பெரிய என்ஜின்களையே வழிக்குக் கொண்டுவந்தவருக்கு இது மானப் பிரச்சினையாகிவிட்டது. தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார். தொடைகள் இறங்கிக் கூம்பி அப்படியே முடிந்திருந்தன. தான்தான் பாதம் வைக்க மறந்துவிட்டோமோ என்று ஆய்வேட்டைப் புரட்டிப் படத்தைப் பார்த்தார். அதிலும் பாதம் இல்லை. மேசையிலிருந்த ஒரு புத்தகத்தில் சாய்த்து வைத்தார். வழுக்கி விளிம்புக்கு வந்துவிட்டாள். கீழே விழுமுன் பிடித்துக்கொண்டார்.

"நிக்கமாட்டேங்கா டீச்சர்."

பிறகு வழக்கம்போல் பேச ஆரம்பித்தார். பாதம் இருந்து உடைந்திருக்குமோ என்றார். உடைந்த தடம் இல்லையே என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். மணலில் குத்தி வைத்திருப்பார்களோ, கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார்களோ என்றார். அப்போது ஊர் என்று ஒன்று இருந்ததா, ஆட்களெல்லாம் வேட்டைக்குப் பின்னால் நடந்துகொண்டே இருந்தவர்கள் ஆயிற்றே என்றும் சொன்னார். பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அந்தப் பெண் அவர் வலது கையில் இருந்தாள். நாலு விரல் முதுகைச் சுற்றிக்கொண்டிருந்தது. பெருவிரல் அவள் வயிற்றின் மேல் மெல்லப் போய்வந்துகொண்டிருந்தது.

கடைசியில் அவருக்கே சலித்துப்போயிற்று.

"பெருசும் இல்ல, நிக்கவும் மாட்டா. அப்ப இவள எங்கதான் வச்சிருந்தாங்க டீச்சர்?"

பிரம்மசக்தி பேனாவை மூடினார்.

"அவளைக் கீழே வச்சிட்டுக் கேளுங்க அண்ணாச்சி."

இஞ்ஞாசி குனிந்து தன் கையைப் பார்த்தார். அவர் அவளைக் கீழே வைக்கவில்லை. வேறெதுவும் கேட்கவுமில்லை.