ஏழாம் தேதி, பன்னிரண்டாம் மாதம்

மருந்துக் கிடங்கில் இருபது வருடம் வேலை பார்த்த சாலமோன், நாற்பத்தொன்பது வயதில் இன்பவல்லியிடம் கணினி நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். அவள் அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். அவர் அவளை டீச்சர் என்றே அழைத்தார்.

அவர் எழுதிய முதல் பெரிய நிரல், மலையிலுள்ள பதினொரு சுகாதார நிலையங்களின் மருந்து இருப்பைக் காட்டுவது. காலாவதியான மருந்தைச் சிவப்பில் காட்டும். இன்பவல்லி பார்த்துச் சரியென்றாள். சாலமோனே ஒவ்வோர் ஊராகப் போய் அதை நிறுவிவிட்டு வந்தார்.

செப்டம்பரில், ஒரு நிலையத்துக்குப் பாம்பு கடித்த தேயிலைத் தொழிலாளி ஒருத்தியைத் தூக்கி வந்தார்கள். மருந்தாளுநர் விடுப்பில் இருந்தார். மருந்து அறை பூட்டியிருந்தது. நர்ஸ் பெனிட்டா திரையைப் பார்த்தாள். விஷமுறிவு மருந்து எட்டுக் குப்பி, எட்டும் சிவப்பு. பூட்டை உடைத்துப் பயனில்லை என்று ஜீப்பை வரவழைத்து நகரத்துக்கு அனுப்பினாள். மலைப்பாதையில் பாதி இறங்குவதற்குள் அந்தப் பெண் இறந்துபோனாள்.

மருந்து அறையைத் திறந்தபோது எட்டுக் குப்பிகளும் நல்ல நிலையில் இருந்தன. அவற்றின் காலாவதித் தேதி டிசம்பர் ஏழு. அந்த நிலையத்துக் கணினி மாதத்தை முதலில் படிக்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. பதிவிலிருந்த 07/12 என்பதை அது ஜூலை பன்னிரண்டு என்று எடுத்துக்கொண்டது.

குப்பிகளைப் பார்க்காமல் அனுப்பியதற்காகப் பெனிட்டாவைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். சாலமோனிடம் அறிக்கை கேட்டார்கள். அரை மணி நேரத்தில் நிரலைத் திருத்திவிட்டார். அறிக்கைக்கு இரண்டு நாள் ஆயிற்று. அதை இன்பவல்லியிடம் கொண்டுவந்தார்.

அவள் அதைப் படிக்கவில்லை. பெனிட்டாவின் வீட்டுக்கு அவரை அழைத்துப் போய், அங்கே படித்துக் காட்டச் சொன்னாள்.

சாலமோன் படித்தார். 'சுகாதார நிலையத்துக் கணினியின் அமைப்பு தவறாக இருந்ததால்' என்ற இடத்தில் பெனிட்டா நிமிர்ந்தாள்.

"அது வந்த நாள்லேருந்தே அப்படித்தான் சார் இருக்கு. நான் எதையும் மாத்தல."

பிறகு அவள் இருவருக்கும் டீ கொடுத்தாள்.

திரும்பும் பேருந்தில் சாலமோன் சொன்னார். "என் கம்ப்யூட்டர்ல சரியாத்தான் ஓடுச்சு டீச்சர்."

"பாம்பு கடிச்சவங்களைத் தூக்கிட்டு வந்தது உங்க கம்ப்யூட்டருக்கு இல்லையே சார்."

அவளே தொடர்ந்தாள். "எத்தனை கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பார்த்தீங்கன்னு அன்னிக்கே கேட்டேன். மூணுன்னீங்க. மூணும் என் ரூம்ல இருக்கறது. அது எனக்கும் அப்பவே தெரியும்."

பேருந்து அடிவாரத்துக்கு வந்த பிறகு சாலமோன் கேட்டார். "எந்தக் கம்ப்யூட்டர்ல போட்டாலும் தப்பாம ஓடணும்னா, எங்கேருந்து ஆரம்பிக்கணும் டீச்சர்?"

இன்பவல்லி அவர் மடியிலிருந்த அறிக்கையைப் பிரித்து, கணினியின் அமைப்பைக் குறைசொன்ன வரியில் விரலை வைத்தாள்.

"இதை அடிச்சிட்டு, இங்கே நம்ம ரெண்டு பேர் பேரையும் எழுதுங்க. அப்புறம் சொல்லித் தர்றேன்."

சாலமோனின் சட்டைப் பையில் பேனா இருந்தது. இறங்கும் இடம் வரும்வரை அவர் அதை எடுக்கவில்லை.