மெழுகு தேய்த்த கை

"எக்கா, அந்தத் திட்டுக்கிட்டப் போனா மட்டும் எனக்குக் காலு நடுங்குது."

சொன்னவள் டெல்சி. வயது பதினைந்து. கையில் ஸ்கேட்போர்டு, முழங்கால் முழுக்கத் தழும்பு.

பதில் சொல்ல வேண்டியவள் அவளுடைய குரு ரெபினா. குரு என்றதும் தாடியைத் தேட வேண்டாம். அவளுக்கு இருபத்து நாலு வயது. தூத்துக்குடியில் உப்பு மூட்டை அடுக்கிய, இப்போது கூரை போன ஒரு பழைய கிட்டங்கியின் தரையைச் சரிசெய்து, பிள்ளைகளுக்கு ஸ்கேட்போர்டு பழக்குகிறாள். எதையும் இரண்டு தடவை சொல்ல மாட்டாள். பல நேரம் ஒரு தடவைகூடச் சொல்ல மாட்டாள்.

"எப்பருந்து?"

"ஒரு வாரமா."

"ஒரு வாரத்துக்கு முந்தி என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கலக்கா."

ரெபினா கையிலிருந்த போர்டின் சக்கரத்தைச் சுண்டிவிட்டாள். அது சுற்றி நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு டப்பாவிலிருந்து ஒரு மெழுகுவத்தியை எடுத்து நீட்டினாள்.

"திட்டுல இசக்கிக்குத் தேச்சுட்டு வா."

"நான் கேட்டதுக்கு இதா பதிலு?"

"இது மெழுகுவத்தி."

டெல்சிக்கு எரிச்சலாக வந்தது. விளையாடுகிற நாளா இது? தேசியப் போட்டிக்கு இங்கிருந்து ஒரே ஒருத்திதான் போகலாம். அவள் யார் என்பது இன்றைய தேர்வுப் போட்டியில், இன்னும் கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் டெல்சிக்குச் சொந்தமாக ஒரு போர்டுகூட இல்லை. போன வருடம் கடைசி இடம். இந்த வருடம் முதலிடம். ஐந்து புள்ளி பின்னால், கூடப் பழகும் இசக்கி. இருவருக்கும் மிச்சம் ஒரே ஒரு ஓட்டம். இசக்கி முதலில், டெல்சி கடைசியில்.

இசக்கி திட்டைத் தாண்டிவிட்டால் முந்திவிடுவாள். விழுந்தால் டெல்சிக்கு ரயில் டிக்கெட்.

அந்தத் திட்டு முழங்கால் உயரம். விளிம்பில் இரும்புப் பட்டை. வேகமாக வந்து, போர்டோடு தாவி, விளிம்பில் உரசிக்கொண்டே கடைசிவரை போய் இறங்க வேண்டும். விளிம்பில் மெழுகு இல்லாவிட்டால் போர்டு பாதியில் பிடித்துக்கொள்ளும். தாவுகிற இடத்தில், தரையில் மெழுகு பட்டிருந்தால் சக்கரம் வழுக்கும். முகம் நேராக இரும்பில்தான் போய் மோதும்.

அவரவர் ஓட்டத்துக்கு அவரவர் மெழுகு தேய்க்கக் கூடாது. இது ரெபினாவின் சட்டம். பயந்த கை அள்ளித் தேய்த்துவிடுமாம். அதனால் ஒருத்திக்கு இன்னொருத்தி தேய்க்க வேண்டும். ஓடுகிறவள் விரலால் தடவிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு வாரத்துக்கு முன்னால் டெல்சி தேய்க்கும்போது ஒரு துண்டு மெழுகு உடைந்து தரையில் மிதிபட்டது. தெரியாமல்தான். இசக்கி வழுக்கி விழுந்தாள். தாடையில் மூன்று தையல்.

"என் காலுதான் தப்பு," என்று இசக்கியே சொல்லிவிட்டாள்.

டெல்சி தரையில் ஒட்டியிருந்த மெழுகைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை.

ஆக, ஒன்றும் நடக்கவில்லை.

இப்போது அவள் திட்டின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து தேய்த்தாள். விளிம்பு முடிந்தது. கையில் இன்னும் மெழுகு மிச்சமிருந்தது. நடுவர்கள் இருவரும் குடைக்கு அடியில் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயிலில் சிமெண்டுத் தரை கண்ணைக் கூச வைத்தது. வெள்ளைத் தரையில் வெள்ளை மெழுகு யாருக்குத் தெரியப் போகிறது?

தாவுகிற இடத்தில் ஒரே ஒரு கோடு. ஒரு சாண் நீளம்.

போட்டுவிட்டாள்.

மிச்ச மெழுகைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"தேச்சாச்சாட்டி?" தளத்தின் மறுமுனையிலிருந்து இசக்கி கேட்டாள்.

"ஆச்சு."

இசக்கி போர்டில் காலை வைத்தாள்.

"ஏட்டி, தடவிப் பாத்துட்டுப் போ," என்றாள் டெல்சி. ஏன் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

இசக்கி சிரித்தாள். தாடையில் தையல் போட்ட இடம் இழுத்தது.

"நீதானட்டி தேச்சே?"

தரையை உதைத்தாள். சக்கரச் சத்தம் கிளம்பியது. ஒரு உதை. இரண்டாவது உதை. மூன்றாவது.

"நில்லு!"

டெல்சி குறுக்கே பாய்ந்துவிட்டாள். இசக்கி போர்டை விட்டுக் குதித்து, தடுமாறி, அவள் மேலேயே வந்து விழுந்தாள். நடுவர் விசில் ஊதினார்.

"பைத்தியமா புடிச்சிருக்கு ஒனக்கு?"

"தரையில மெழுகு கெடக்கு."

"எப்படி விழுந்துச்சு?"

"விழல. நாந்தான் போட்டேன்." டெல்சி தரையைக் காட்டினாள். "போன வாரமும் என் மெழுகுதான். அன்னைக்குத் தெரியாம விழுந்துச்சு. தெரிஞ்ச பெறவும் சொல்லல."

இசக்கியின் கை தானாகத் தாடைக்குப் போனது.

டெல்சி மண்டியிட்டாள். தன் சட்டை நுனியால் தரையைத் தேய்த்தாள். போகவில்லை. நகத்தால் சுரண்டினாள். மணலை அள்ளிப் போட்டுத் தேய்த்தாள். விரல் தோல் உரிந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

ரெபினா பக்கத்தில் வரவில்லை.

நடுவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பிறகு ஒருவர் சொன்னார். "அவ விழுந்திருந்தா உன்னை வெளிய அனுப்பியிருப்போம். நீயே நிறுத்திட்ட. பத்துப் புள்ளி குறைக்கிறோம்."

இசக்கி மறுபடி ஓடினாள். திட்டில் ஏறினாள். விளிம்பு முழுக்க உரசிக்கொண்டு போய் இறங்கினாள். தளத்தில் இருந்த பிள்ளைகள் எல்லாம் போர்டைத் தரையில் தட்டினார்கள்.

டெல்சியும் தட்டினாள்.

இனி திட்டைத் தாண்டாமல் அவளுக்கு வழியே இல்லை. தாண்டினாலும் ரயில் டிக்கெட் கிடைக்குமோ என்னவோ.

ரெபினா டப்பாவைத் திறந்தாள். புது மெழுகுவத்தி ஒன்றை எடுத்தாள். அதை இசக்கியிடம் நீட்டினாள்.

"டெல்சிக்குத் தேச்சுட்டு வா."

இசக்கி குருவைப் பார்த்தாள். டெல்சியைப் பார்த்தாள். மெழுகுவத்தியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போனாள்.

திட்டின் பக்கத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கை தெரியவில்லை. தோள் மட்டும் அசைந்தது. வழக்கத்தைவிட நெடுநேரம் அசைந்தது.

எழுந்தாள். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது.

"ஆச்சு. வந்து தடவிப் பாத்துக்கோ."

டெல்சி போர்டில் காலை வைத்தாள்.

"நீதானட்டி தேச்சே?"

தரையை உதைத்தாள்.