பாகற்பந்தல்

"கடைசி வரைக்கும் ஒருத்தருக்குக் கசப்பையே குடுத்தவளுக்கு என்ன கதி, சாமி?"

வாய்க்கால் சாமி படித்துறையில் குந்தி வேட்டியை அலசிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தார்.

"என்ன கசப்பு?"

"பாகற்காய்."

சாமி சிரிக்கவில்லை. வேட்டியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார்.

"உக்காருங்கம்மா."

கேட்டவள் பெயர் தையல்நாயகி. சாமியின் தாயாக இருக்கக்கூடிய வயது. சாமியார்களை அவளுக்குப் பிடிக்காது. அக்கம்பக்கத்தில் யாரிடம் கேட்டாலும் சிரிப்பார்கள் என்பதால் இங்கே வந்திருந்தாள்.

சாமி முன்பு லாரி ஓட்டியவர் என்று சொல்வார்கள். வாய்க்கால் கரைப் பிள்ளையார் கோயிலை ஒட்டி ஒரு கொட்டகையில் இருந்தார். விபூதி கொடுக்கமாட்டார். குறி சொல்லமாட்டார். கேட்டால் பதில் சொல்வார், சில சமயம்.

தையல்நாயகி உட்கார்ந்தாள். சொன்னாள்.

அவள் வீட்டுக்காரர் கலியபெருமாள் ரைஸ் மில்லில் மேஸ்திரியாக இருந்தவர். இனிப்பென்றால் உயிர். வேலையை விட்டு வீட்டுக்கு வந்த கையோடு சர்க்கரை வந்தது. டாக்டர் பயமுறுத்தினார்.

அன்றைக்கே தையல்நாயகி கொல்லையைக் கொத்தினாள். கத்தரி, வெண்டை, கொத்தவரை போட்டாள். நடுவில் பாகல் ஊன்றினாள். பந்தல் போட அவரைத்தான் கூப்பிட்டாள்.

மூங்கிலை நட்டுக் கயிறு கட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "எனக்கு நானே தூக்குமரம் நடறேன், பாத்துக்க."

கொடி ஏறியது. தினமும் விடிந்ததும் பாகற்காய்ச் சாறு, திப்பியோடு ஒரு தம்ளர். மத்தியானம் பொரியல். ராத்திரி மிச்சமிருந்தால் அதுவும்.

"தீபாவளிக்கு அதிரசம் சுட்டேன், சாமி. பேரப்பிள்ளைங்க வந்திருந்தாங்க. எனக்கு ஒண்ணுன்னார். கிடையாதுன்னேன். பாதின்னார். கிடையாதுன்னேன். விண்டு ஒரு துண்டு வாயில போடு தையலுன்னார், சின்னப் பிள்ளை மாதிரி. டப்பாவைத் தூக்கிப் பரண்ல வெச்சேன். அடுத்த தீபாவளிக்குப் பாக்கலாம்னேன்."

"அடுத்த தீபாவளிக்கு?"

"தை பொறக்கறதுக்குள்ள போய்ட்டார்."

"சர்க்கரையிலயா?"

"இல்ல, சாமி. தூறல்ல சைக்கிள் வழுக்கிடுச்சு. மதகுக் கட்டையில தலை மோதிடுச்சு."

சாமி வாய்க்காலைப் பார்த்தார்.

"சர்க்கரை அப்ப கட்டுலதான் இருந்துச்சு" என்றாள் தையல்நாயகி. "டாக்டரே சொன்னார். அதை வெச்சு என்ன பண்ண? அந்த ஒரு துண்டைக் குடுத்திருக்கலாம்."

வாய்க்காலில் ஒரு தென்னைமட்டை மிதந்து போனது.

"கொடி இருக்கா?" என்றார் சாமி.

"இருக்கு. இப்பதான் பேய் மாதிரி காய்க்குது."

"பறிக்கிறீங்களா?"

"கை போகமாட்டேங்குது. எல்லாம் பழுத்து வெடிச்சுத் தொங்குது. வெண்டை முத்தி விறகாப் போச்சு."

"தண்ணி ஊத்தறீங்களா?"

"ஊத்தறேன்."

"பறிக்காத செடிக்குத் தண்ணி எதுக்கு?"



சாமி எழுந்து வேட்டியை உலர்த்தப் போய்விட்டார்.

*

வீடு வரை அவளுக்குக் கோபம் தணியவில்லை. ஒரு ஆறுதல் சொன்னால் வாய் வலிக்குமா அந்த ஆளுக்கு?

அரிவாளை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். இன்றைக்கே அறுத்துப் போட்டுவிடுவது. பந்தலையும் பிரித்து அடுப்பில் வைத்துவிடுவது.

அடித்தண்டைப் பிடித்தபோதுதான் வேறொன்று கண்ணில் பட்டது.

படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே, சுவரை ஒட்டி, பாகல் முளைத்திருந்தது. ஒன்றிரண்டல்ல. கொத்தாக. சில ஜன்னல் கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தன.

அங்கே அவள் விதை போடவில்லை.

குனிந்து பார்த்தாள். முளைகளைச் சுற்றிக் காய்ந்த பச்சைத் திப்பி, அடை அடையாக. சுவரில் மேலிருந்து கீழே வழிந்த கறை, பல நாள் வழிந்து பாசி போல ஆகிவிட்ட கறை.

மிக்சியில் தப்பிய விதைகள்.

தையல்நாயகி அரிவாளைக் கீழே போட்டாள்.

ஒவ்வொரு நாள் காலையும் அவர் தம்ளரை வாங்கிக்கொண்டு அறைக்குள் போவார். "நீ நின்னா எனக்கு இறங்காது, போ" என்பார். வெறும் தம்ளரோடு வெளியே வருவார். முகத்தை எட்டுக் கோணலாக்குவார். அவள் வாயில் போட்டுக்கொள்ள ஒரு கல் உப்பு கொடுப்பாள்.

*

மறுநாள் காலையில் அவள் படித்துறையில் நின்றாள்.

"அவர் குடிக்கவே இல்ல, சாமி!"

சாமி கொட்டகை வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"ஜன்னல் வழியா ஊத்தியிருக்கார். தினம். நான் விடியக்காலையில எழுந்து, விதை கையில குத்தக் குத்த நறுக்கி, அரைச்சு... அத்தனையும் சுவத்துல வழிஞ்சிருக்கு. மூஞ்சியை வேற அப்படிக் கோணுவார். நடிப்பு!"

"அப்படியா."

"ஏமாத்தியிருக்கார், சாமி."

சாமி துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார்.

"நேத்து கசப்பைக் குடுத்தேன்னு அழுதீங்க."

"ஆமா."

"இன்னிக்கு அவர் அதைக் குடிக்கலைன்னு அழறீங்க."

தையல்நாயகி படியில் உட்கார்ந்தாள்.

"அவர் கசப்பு குடிச்சிருந்தாத் தேவலையா, குடிக்காம இருந்தாத் தேவலையா? ஒண்ணு சொல்லுங்க."

குளிக்க வந்த ஒரு பெண் இவர்களைப் பார்த்துவிட்டு அடுத்த படித்துறைக்குப் போனாள்.

"தெரியல, சாமி."

"எனக்கும் தெரியல" என்றார் சாமி. "நாளைக்கு மத்தியானம் உங்க வீட்டுல சாப்பிட வரேன்."

சாமி யார் வீட்டுக்கும் சாப்பிடப் போனதாக ஊரில் பேச்சில்லை.

"என்ன சமைக்கட்டும்?"

"கொல்லையில இருக்கறதை."

"கத்தரிக்காய் இருக்கு. கொத்தவரை தேறும்."

"பாகற்காய் இருக்குன்னீங்களே."

*

கத்தரி சுலபமாக வந்தது. கொத்தவரையும் வந்தது. முற்றிய வெண்டையை எல்லாம் ஒடித்துக் குப்பையில் போட்டாள்.

பந்தலுக்குக் கீழே வந்ததும் நின்றுவிட்டாள்.

மேலே மஞ்சளாக வெடித்த பழங்கள். உள்ளே ரத்தச் சிவப்பில் விதைகள். ஒரு மைனா உட்கார்ந்து கொத்திக்கொண்டிருந்தது. அவற்றுக்கு நடுவே, இலை மறைவில், புதுப் பிஞ்சுகள். கரும்பச்சை. முள் முள்ளாக. பனியில் நனைந்து பளபளத்தன.

கையை உயர்த்தினாள். இறக்கினாள்.

விருந்தாளி வரும் நாளில் இப்படி நின்றால் உலை எப்போது கொதிக்கும்? முதல் பிஞ்சைக் கிள்ளினாள். காம்பு ஒடிந்த வாசனை வந்தது. மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பிறகு மளமளவென்று பறித்தாள்.

பாதியைப் பொரித்தாள். பாதியைப் புளி ஊற்றிக் குழம்பு வைத்தாள். கத்தரிக்காய்க் கூட்டு. ரசம். சாமி என்று ஒருவர் சாப்பிட வரும்போது பாயசம் இல்லாமல் இலை போட முடியாது. பாசிப்பருப்பை வறுத்தாள். பரணில் இருந்து வெல்லத்தை இறக்கினாள். அது இறுகிக் கல்லாகக் கிடந்தது. உலக்கையால் தட்டி உடைத்தாள்.

சாமி சொன்ன நேரத்துக்கு வந்தார். காலைக் கழுவிக்கொண்டு சமையலறையிலேயே உட்கார்ந்தார். கலியபெருமாள் உட்காரும் இடம்தான் அது. வேறு இடமும் இல்லை.

இலை போட்டாள். பரிமாறினாள்.

சாமி பேசாமல் சாப்பிட்டார். பொரியலை வாயில் வைத்ததும் ஒரு கண் சுருங்கியது. இருந்தும் சாப்பிட்டார்.

"கசக்குதா?"

"பின்ன?"

"இன்னும் கொஞ்சம் போடவா?"

"வேணாம்."

"உடம்புக்கு நல்லது" என்று சொல்லி இன்னொரு கரண்டி போட்டாள்.

சாமி அதையும் சாப்பிட்டார். ரசம் முடிந்தது. மோர் முடிந்தது. தையல்நாயகி பெரிய தம்ளரில் பாயசத்தை ஊற்றி இலைக்கு அருகில் வைத்தாள். சூடாக இருந்தது. ஏலக்காய் மணத்தது.

சாமி இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

நீளமான வெள்ளை மாத்திரை. அந்த அட்டையின் நீல எழுத்து தையல்நாயகிக்குத் தெரியும். சாப்பாட்டுக்கு அப்புறம் போடுவது. அவளே எத்தனையோ தடவை பிதுக்கிக் கொடுத்திருக்கிறாள்.

"சாமி, அது என்ன மாத்திரை?"

"சர்க்கரைக்கு" என்றார் சாமி. சொல்லிக்கொண்டே தம்ளரை எடுத்து உதட்டுக்குக் கொண்டுபோனார்.

பாயசம் அவர் கையிலும் இலையிலும் சிந்தியது. தம்ளர் தையல்நாயகி கையில் இருந்தது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"குடுங்கம்மா" என்றார் சாமி.

"மாட்டேன்."

"ஒரு வாய்."

"அரை வாய் கிடையாது."

"எனக்காகத்தானே வெச்சீங்க?"

"தெரியாம வெச்சுட்டேன். மாத்திரையும் போட்டுக்கிட்டுப் பாயசமும் குடிப்பீங்களா? இத்தனை நாளா இப்படித்தான் பண்றீங்களா? கேக்க ஆளில்லைன்னு நெனைப்பா?"

"நாளைக்கு வாய்க்கால்ல வழுக்கி விழுந்து செத்தாலும் செத்துப்போவேன். யார் கண்டா? இன்னிக்கு ஒரு வாய் குடிச்சிட்டுப் போறேனே."

"செத்தா சாவுங்க!" என்று கத்தினாள் தையல்நாயகி. "இன்னிக்கு என் கையால கிடையாது!"



அடுப்பில் மிச்சப் பாயசம் மெல்லக் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சுவரில் சாய்ந்து, அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள். தம்ளரை விடவில்லை. அழுதாள்.

சாமி சமாதானம் சொல்லவில்லை. இலையை மடித்தார். சிந்தியதைத் துண்டால் துடைத்தார். காத்திருந்தார்.

அழுகை ஓய்ந்தது.

"அதை என்ன பண்ணப் போறீங்க?" என்றார்.

"எதை?"

"பாயசத்தை."

"பக்கத்து வீட்டு மாட்டுக்கு ஊத்தணும்."

"உங்களுக்கும் சர்க்கரை இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

கலியபெருமாள் இனிப்பை நிறுத்திய அன்றே தையல்நாயகியும் நிறுத்தியிருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. அவருக்கும் தெரியாது. தீபாவளிக்குச் சுட்ட அதிரசத்தில் ஒன்றைக்கூட அவள் ருசி பார்க்கவில்லை.

தம்ளரைப் பார்த்தாள். பாயசம் ஆறி மேலே ஆடை படிந்திருந்தது.

அண்ணாந்து ஒரு வாய் ஊற்றிக்கொண்டாள்.

சாமி கை கழுவ எழுந்தார். கொல்லைக் கதவருகில் நின்று திரும்பினார்.

"எப்படி இருக்கு?"

தையல்நாயகி நாக்கைச் சப்புக்கொட்டி யோசித்தாள்.

"வெல்லம் கொஞ்சம் கம்மி" என்றாள்.